தாம்பரமா, ஓ.எம்.ஆரா, போரூரா, ஆவடியா? ரீசேல் கணக்கில் ஒரு மதிப்பீடு

வீடு பார்க்கப் போகிறவர்கள் காற்றோட்டம், பள்ளிக்கூடம், ஆபீஸ் தூரம் எல்லாம் விசாரிக்கிறார்கள். பத்து வருடம் கழித்து அந்த வீட்டுக்கு விலை வைக்கப்போகிற ஆளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அவர் கையில் இருபது, இருபத்தைந்து சதவீதப் பணம் இருக்கும், மீதிக்கு வங்கிக் கடன் போடுவார். அந்த வங்கியின் வக்கீலும் இன்ஜினியரும் சரி என்றால் நல்ல விலை கிடைக்கும். இல்லையென்றால் ரொக்கம் வைத்திருப்பவர் கேட்கிற அடிமாட்டு விலைக்குத்தான் தள்ள வேண்டும். சென்னைப் புறநகர்களை இங்கே அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறோம்.

ஏரியாவுக்கு முன்னால் யூ.டி.எஸ். பற்றிப் பேசியாக வேண்டும். பிளாட்டோடு சேர்த்து உங்கள் பெயருக்கு எழுதித் தரும் பிரிபடாத நிலப் பங்கு அது. கட்டடத்தின் மதிப்பு வருடா வருடம் குறையும். ஏறுவது அந்த நிலம் மட்டும்தான். முன்பு சாதாரணக் கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டடம் கட்டலாம் என்ற அளவு) 1.5 என்று இருந்தபோது, 1,000 சதுர அடி பிளாட்டுக்கு ஏறக்குறைய 667 சதுர அடி நிலம் கிடைத்தது. 2019 விதிகளில் அது 2 ஆனதும் பங்கு 500 ஆனது. அடுக்குமாடிக் கோபுரங்களுக்கு 3.25 வரை உண்டு. அங்கே பங்கு சுமார் 308தான். நிலம் சதுர அடி 7,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் பிளாட்டில் கிட்டத்தட்ட 47 லட்சம் நிலத்தில் இருக்கிறது, கோபுர பிளாட்டில் 21.5 லட்சம்தான். நீச்சல் குளமும் கிளப் ஹவுஸும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். எட்டு, பத்து வீடுகள் கொண்ட பழைய பிளாட்டுகளுக்கு இதனால் தனி மவுசு. இருநூறு வீட்டுக் கோபுரத்தில் அந்தச் சம்மதத்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இனி ஏரியாக்கள்.

குரோம்பேட்டை முதல் தாம்பரம் வரை, ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்: ரீசேலுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. ஐ.டி. வேலை கூடினாலும் குறைந்தாலும் இங்கே வாடகைக்கும் வாங்குவதற்கும் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். அரசு ஊழியர், ஓய்வு பெற்றவர், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறவர் என்று பல வகையான ஆட்கள் கேட்கிற இடம் என்பதுதான் இதன் பலம். கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் தனி வீடுகளும் சின்னப் பிளாட்டுகளும் நிறைய. மேற்கே போகும்போது கவனம் தேவை: முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் அடையாற்றை ஒட்டியவை, 2015 டிசம்பரில் முங்கியவை. நல்ல தெருவும் அங்கே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வாங்க வருகிறவர் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே விலையைக் குறைத்துப் பேசுவார், உங்கள் தெரு மேடா பள்ளமா என்று பார்க்கமாட்டார்.

வண்டலூர் முதல் கூடுவாஞ்சேரி வரை: கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்ததிலிருந்து இங்கே விளம்பரம் தடபுடலாக நடக்கிறது. பகுதி வளரும், சந்தேகமில்லை. பிரச்சினை மனைகளில்தான். பழைய பஞ்சாயத்து அப்ரூவல் மனைகள், அதாவது திட்ட அமைப்பின் அனுமதி இல்லாமல் பஞ்சாயத்து மட்டும் ஒப்புக்கொண்டவை, இங்கே ஏராளம். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்தத் திட்டம் வந்தது. அந்த ஆணை இருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். விற்பவர் "எல்லாம் அப்ரூவ்டு" என்றால், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) தந்த அனுமதி எண்ணைக் கேட்டு, அந்த வரைபடத்தில் மனை எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை), சோழிங்கநல்லூருக்குத் தெற்கே: குடியிருக்கவும் வாடகைக்கு விடவும் சரி, ரீசேலுக்கு இரண்டாம் தரம். நீங்கள் 12 வருடப் பழைய பிளாட்டை விற்க நிற்கும்போது, பக்கத்திலேயே புது டவர் அதே விலைக்குத் தவணையில் கிடைக்கும். யூ.டி.எஸ். குறைவு, மெயின்டனன்ஸ் அதிகம், கோடையில் லாரித் தண்ணீர். 2019 கோடையில் பட்டபாடு இங்கே யாருக்கும் மறக்கவில்லை. இரண்டாம் கட்ட மெட்ரோவில் மாதவரம் – சிறுசேரி சிப்காட் வழித்தடம் இந்தச் சாலையில்தான் வருகிறது, அது நல்லது. ஆனாலும் ஓடாத ரயிலுக்கு இன்றே முழு விலை கொடுக்காதீர்கள். உதாரணத்துக்கு, வேளச்சேரி – பரங்கிமலை பறக்கும் ரயில் வெறும் ஐந்து கிலோமீட்டர். 2008-ல் வேலை தொடங்கியது, கடைசி அரைக் கிலோமீட்டர் நிலத் தகராறில் வருடக்கணக்கில் முடங்கியது.

பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், மேடவாக்கத்தின் தாழ்வான பகுதிகள்: சர்வே எண் பார்க்காமல் வேண்டவே வேண்டாம். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, எல்லைகளை அளந்து முடிக்கும்வரை அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய திட்ட அனுமதி தரக் கூடாது என்றது. இப்படிப்பட்ட உத்தரவு வரும்போது ஏற்கெனவே கட்டிய வீட்டை யாரும் தொடுவதில்லை. வங்கி வக்கீல்தான் பத்துக் கேள்வி கேட்பார். மிக்ஜாம் புயலின்போது நாள்கணக்கில் தண்ணீர் நின்றதும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான்.

போரூர், முகலிவாக்கம், ஐயப்பன்தாங்கல்: ஐ.டி. பூங்கா, பெரிய மருத்துவமனை, கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி மெட்ரோ வழித்தடம் என்று எல்லாம் கூடி வந்திருக்கிறது, விலையிலும் அது ஏற்கெனவே ஏறிவிட்டது. மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். இந்தப் பக்கம் மாடிக் கட்டடம் வாங்கினால் மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

அம்பத்தூர், ஆவடி: 60 லட்சத்துக்குள் பட்ஜெட் என்றால் இதைத்தான் சொல்வோம். ரயில் இருக்கிறது, தொழிற்பேட்டை இருக்கிறது, ராணுவத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. விலை மெதுவாக ஏறும், சடாரென்று விழாது. ராணுவ நிலத்தை ஒட்டிய மனையாக இருந்தால் மட்டும் தடையில்லாச் சான்று பற்றி முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எந்த ஏரியாவானாலும் தெருவை நின்று பாருங்கள். ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிற கதை சென்னை முழுக்க உண்டு. கேட்டுக்கு உள்ளே போகும்போது தரை சரிவாக இறங்குகிறதா, மேலே ஏறுகிறதா? ஈ.பி. மீட்டர் பெட்டியைப் புதிதாகத் தலை உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார்களா? காம்பவுண்டுச் சுவரில் புதுப் பெயின்ட் இடுப்பு உயரத்தோடு நின்றுவிடுகிறதா? பக்கத்து வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கிறார்களா? புரோக்கர் சொல்லாததை இவை சொல்லிவிடும். பார்க்க நல்ல மாதம் நவம்பர், அதுவும் மழை விட்ட மறுநாள் காலை. முனைக்கடையில் "போன மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். "வருமா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

பத்திரத்தில் ரீசேலைக் கெடுப்பவை பெரும்பாலும் மூன்று. ஒன்று, டீவியேஷன். மூன்று மாடிக்கு அனுமதி வாங்கி மொட்டை மாடியில் இன்னொரு வீடு கட்டியிருப்பார்கள். விலை மலிவாகத் தெரியும், ஆனால் அந்த வீட்டுக்குப் பெரும்பாலான வங்கிகள் கடன் தராது. இரண்டு, பவர், அதாவது ஒருவருக்காக இன்னொருவர் விற்க எழுதித் தரும் அதிகாரப் பத்திரம். நில உரிமையாளரின் பவரை வைத்து பில்டர் விற்றிருப்பார். கிரயம் பதிவாவதற்கு முன்பே உரிமையாளர் இறந்திருந்தால் அந்தப் பவர் செல்லுமா என்ற கேள்வி எழும். முதலில் வாங்கியவரை விட்டு, மூன்றாவதாக வாங்குகிறவரிடம் வந்து அது வெடிக்கும். மூன்று, கார் பார்க்கிங். வாய்ச்சொல்லாக இருந்தால் விற்கும்போது அசோசியேஷனில் சண்டை. வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்குப் போட்டு, தாய்ப்பத்திரத்தோடு வரிசையாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

செலவுக் கணக்கையும் போட்டுவிடலாம். ரீசேல் வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 60 லட்சத்துக்கு 5.4 லட்சம். இதற்கு வங்கி கடன் தராது, கையிலிருந்துதான் போகும். விற்கும்போது புரோக்கர் கமிஷன். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் லாபத்தில் 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23 முதல் வாங்கிய வீட்டுக்கு, வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் காட்டும் கழிவு கிடையாது. ஆக, போட்ட பணத்தை எடுக்கவே விலை பத்துப் பதினொரு சதவீதம் ஏற வேண்டும். ஐந்து வருடத்துக்குள் விற்கும் எண்ணமிருந்தால் வாடகைக்கே இருங்கள். வாங்கினால், கட்டடம் பதினைந்து வயதைத் தாண்டுவதற்குள் விற்கப் பாருங்கள். அதன்பிறகு வங்கி இன்ஜினியர் கட்டடத்தின் மிச்ச ஆயுளைக் கணக்குப் போட்டு, உங்களிடம் வாங்குகிறவரின் கடன் காலத்தைக் குறைக்கத் தொடங்குவார்.