வங்கக் கடல் மிதவைகளோடு எட்டு ஆண்டுகள்

ஐப்பசி பிறந்துவிட்டால், காலைக் காபிக்கு முன்பே அமெரிக்க தேசிய மிதவைத் தரவு மையத்தின் இணையப் பக்கத்தைத் திறந்துவிடுவேன். “சென்னையில இருந்துக்கிட்டு வங்கக் கடலைப் பார்க்க அமெரிக்கா எதுக்கு?” என்று வீட்டில் கேட்பார்கள். மிதவை என்பது காற்று, அழுத்தம் போன்றவற்றை அளக்கக் கடலில் மிதக்கவிட்ட கருவி. அது அளந்தது செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு வந்து, ஜி.டி.எஸ். என்ற உலகத் தொலைத்தொடர்பு வலையமைப்பில் ஏறிவிட்டால் எல்லா நாட்டு வானிலை மையங்களுக்கும் போய்விடும். நம்மைப் போன்றவர்கள் அதற்குள் நேராக நுழைய முடியாது. அமெரிக்க மையம் அதை எடுத்து, கடைசி 45 நாள் அளவுகளைச் சாதாரண எழுத்துக் கோப்பாக இலவசமாக வைக்கிறது. மிதவை எண் 23 என்று தொடங்கினால் நம் பக்கத்துக் கடல்.

நான் அதிகம் பார்ப்பது காற்றழுத்தத்தை. புதியவர்களை ஏமாற்றுவதும் அதுதான். வெப்பமண்டலத்தில் அழுத்தம் தினம் இருமுறை ஏறி இறங்கும். காலை பத்து மணிவாக்கில் உச்சத்தில் இருப்பது, மாலை நான்குக்குள் 3 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) வரை இறங்கிவிடும். புயல் வந்தாலும் அழுத்தம் இறங்கும் என்பதால், இது தெரியாமல் முதல் வருடம் தினமும் மதியம் ஒரு புயலைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது நேற்று இதே மணிக்கு எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறேன். நேற்றைவிட இன்று குறைவு என்ற அந்த வித்தியாசம் நாளுக்கு நாள் கூடினால், மொட்டைமாடி வடிகாலில் அடைத்திருக்கும் சருகை அள்ளப் போய்விடுவேன்.

காற்று வேகம் கோப்பில் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று இருக்கும். ஒருமுறை 14 என்பதை நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) என்று நினைத்து, நண்பரிடம் “சும்மா காத்துதான்” என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அது 27 நாட்! நேரமும் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில்தான், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும்.

பெரிய எரிச்சல் ‘எம்எம்’. அளவு இல்லை என்று அர்த்தம். மிதவையின் அடியில் மீன் கூடும், மீனைத் தேடிப் படகு வரும், அதில் கயிறு கட்டினால் கருவி போச்சு. சரிசெய்யக் கப்பல் போக வேண்டும். பசிபிக்கில் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோவைக் கண்காணிக்கும் மிதவை வரிசைகூட, 2012-இல் பராமரிப்புக் கப்பல் ஓய்வுபெற்றபின் பாதித் தரவுகூடத் தராமல் தடுமாறியது.

ஜி.டி.எஸ்.ஸின் இடத்துக்கு இப்போது விஸ் 2.0 என்ற, இணையம் வழியாக வானிலைத் தரவைப் பகிரும் புதிய முறை வருகிறது. அதன் பொதுவாயிலில் பயனர் பெயர் ‘எவ்ரிஒன்’, கடவுச்சொல்லும் ‘எவ்ரிஒன்’. சரி, நமக்கும் கதவு திறந்துவிட்டது என்று இணைத்துப் பார்த்தேன். செய்திகள் வந்து கொட்டின. எல்லாம் பஃபர் என்ற, கணினிக்கான இரும வடிவம், கண்ணால் படிக்க முடியாது. பிரித்துப் படிக்கும் நிரலை இன்னும் எழுதி முடிக்கவில்லை. அதுவரை பழைய எழுத்துக் கோப்புதான்.