டீப்கூல் ஏஜி400 கூலர் வாங்கிய கதையும், வாங்கும் முன் பார்க்க வேண்டிய நாலு பின்னும்

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். சிஸ்டத்தில் இருப்பது இன்டெல் ஐ5-12400 சிப். போன மே மாதம், அக்னி நட்சத்திரத்தில், ஒரு வளைகாப்பு வீடியோவை ரெண்டர் போட்டால் பாதியில் வேகம் செத்துவிடும். ஃபேன் சத்தமோ கிரைண்டர் ஓடுகிற மாதிரி.

சிப்பின் சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். சிப்புக்குள் கணக்குப் போடும் ஆறு கோரில் நாலு, 83 முதல் 86 டிகிரிக்குள். மீதி இரண்டு மட்டும் 99, 100. இந்தச் சிப்புக்கு 100தான் எல்லை. அதைத் தொட்டதும் சூட்டைக் குறைக்கத் தன் வேகத்தைத் தானே இறக்கிக்கொள்ளும்.

அசெம்பிள் செய்து கொடுத்த கடைக்கு போன் செய்தேன்.

"அண்ணாச்சி, ரெண்டு கோர் மட்டும் நூறுக்குப் போகுது."

"வெயிலு இப்படி அடிக்குல்லா, சூடாகத்தாம்மா செய்யும்."

வெயில் என்றால் ஆறும் சேர்ந்தல்லவா கொதிக்க வேண்டும்? கோருக்குக் கோர் அஞ்சாறு டிகிரி வித்தியாசம் சகஜம். எப்போது ஓட்டினாலும் அதே இரண்டு கோர் பதினைந்து டிகிரி தூக்கி நிற்பது சகஜமில்லை. கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி வைத்தும் ஓட்டினேன். இரண்டே டிகிரிதான் இறங்கியது. ஆக, காற்றோட்டத்தில் கோளாறில்லை, சிப்பின் தலையில் அதைக் குளிர்விக்கும் கூலர் சரியாக உட்காரவில்லை.

கழற்றினால் அதேதான். சிப்போடு வந்த கூலரை மதர்போர்டில் பிடித்து நிறுத்துவது நாலு கருப்பு பிளாஸ்டிக் பின். அதில் ஒன்று துளைக்குள் முழுசாக இறங்கவே இல்லை. சிப்பிலிருந்து கூலருக்குச் சூட்டைக் கடத்த நடுவில் தடவும் பேஸ்ட் ஒரு பக்கம் தோசைக்கல்லில் எண்ணெய் தடவினாற்போல மெல்லிசு, அந்த மூலையில் கெட்டித் தயிர். வாங்கிய நாளிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கிறது.

ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து, நாலு பின்னும் 'டக்' என்று கேட்கும்வரை மூலைக்கு மூலை எதிராக அழுத்தினேன். அதிகபட்சம் 91, வித்தியாசம் ஆறு. பேஸ்ட் விலையோடு பிரச்சினை முடிந்தது. இதைச் செய்து பார்க்காமல் யாரும் புதுக் கூலருக்குப் பணம் கட்டாதீர்கள்.

பிறகு ஏன் கட்டினேன்? சத்தம். பொண்ணு வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு தேர்ந்தெடுக்கும்போது அந்த இரைச்சலை வைத்துக்கொண்டு முடியவில்லை. டீப்கூல் ஏஜி400 நான் வாங்கியபோது 1,900 ரூபாய். சூட்டை மேலே கடத்தும் நாலு ஹீட் பைப், ஒரு 120 மி.மீ. ஃபேன். அறை 34 டிகிரியில் இருக்க, சிப்பை முழு வேகத்தில் உழைக்க வைக்கும் சினிபெஞ்ச் சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டினேன். அதிகம் சூடான கோர் 71, குறைவானது 66. ஃபேன் ஓடுவதே தெரியவில்லை, மேலே சுழலும் சீலிங் ஃபேன்தான் கேட்கிறது. யூடியூபில் 60 காட்டுகிறார்களே என்று வருத்தப்படாதீர்கள். அவர்கள் ஏசி அறையில் வைத்து அளப்பவர்கள். அறைச் சூட்டைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஒப்பிட்டால்தான் நியாயம்.

மாட்ட எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. போர்டின் பின்பக்கம் ஒரு தகடு வைக்க வேண்டும். என் கேபினெட்டில் அதற்கு வழி வெட்டியிருந்ததால் போர்டைக் கழற்றாமல் தப்பித்தேன். இரண்டு ஸ்பிரிங் திருகையும் மாற்றி மாற்றி இரண்டிரண்டு சுற்றாக இறக்கினேன். ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பழைய கோணல் திரும்ப வந்துவிடும். ஃபேனைப் பிடிக்கும் கம்பி கிளிப்பில் விரலைக் கிழித்துக்கொண்டது என் அவசரம்.

உயரம் 150 மி.மீ. மெலிந்த கேபினெட் வைத்திருப்பவர்கள் டேப் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். இன்னொன்று, பழைய ஏஎம்4 வகை ஏஎம்டி ரைசன் சிப் வைத்திருப்பவர்கள் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். கொஞ்ச நேரம் ஓட்டிப் பேஸ்ட்டை இளக்கி, கூலரை மெல்லத் திருகி எடுங்கள். இல்லையென்றால் சிப்பும் ஒட்டிக்கொண்டு அதன் அடிப்பக்கப் பின்களோடு பிடுங்கி வரும்.

பழைய கூலரை எறியவில்லை. சித்தி மகன் அவன் சிஸ்டத்துக்குக் கேட்டிருக்கிறான். நாலு பின்னையும் நானே வந்து அழுத்துவேன் என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன்.