குட்டைக்கரை வகுப்புக்கு முழு மதிப்பெண், முன்பதிவுக்குத்தான் குறை

வீசியதை எடுத்து வர நாய்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இடம் பிடிக்க ஐந்து புதன்கிழமை முயன்றேன், ஒரு முறைதான் கிடைத்தது. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு நன்றாக இருந்ததால்தான் மற்ற நான்கு வாரமும் இவ்வளவு வருத்தம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன்.

என் நாய் கருப்பி, மூன்று வயது லேப்ரடார். வீடு பெங்களூரு அல்சூரில், இரண்டாவது மாடி. எதைத் தூக்கிப் போட்டாலும் கொண்டுவந்து கையில் வைப்பாள். ஒரு நாள் சமையலறைக் கூடையிலிருந்து கோழிமுட்டையை எடுத்து, கீறல்கூட விழாமல் கொண்டுவந்து கொடுத்தாள். சுட்டு விழுந்த வாத்தைக் கடித்துக் குதறாமல் தண்ணீரிலிருந்து எடுத்து வரவே வளர்க்கப்பட்ட இனம், அந்த வாய் வேறு எப்படி இருக்கும்? நம் நாட்டில் இப்போது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. ஆனால் நாயின் ரத்தத்தில் இருக்கிற அந்த ஆசைக்கு ஒரு வேலை வேண்டுமே. கனகபுரா சாலையில் கக்கலிபுரா தாண்டி இருக்கும் இந்தப் பண்ணையில், அதைக் கேன்வாஸ் டம்மி, அதாவது பறவைக்குப் பதிலாக வீசும் துணிப் பொதி, வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு ஆம்னி வேனை வாங்கிக்கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வாசலிலேயே தடுப்பூசி அட்டையைப் பார்த்தார்கள். ரேபிஸ் மட்டுமல்ல, எலிக்காய்ச்சல் ஊசியும் போட்டிருக்கிறதா என்று கேட்டார்கள். தேங்கின தண்ணீரில் இறக்கப்போகிற நாய்க்கு அது முக்கியம். கேட்டதற்காகவே எனக்கு இந்த இடத்தின் மேல் மரியாதை வந்தது.

முதல் சுற்று தரையில். உதவியாளர் தூரத்தில் நின்று வெள்ளை டம்மியை உயரமாக வீசுவார். அது விழுகிற இடத்தை நாய் கண்ணால் குறித்துக்கொண்டு, நாம் அனுப்பும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கருப்பிக்கு எடுத்து வருவது தானாகவே வரும், உட்கார்ந்திருப்பதுதான் வராது. இரண்டு முறை கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடினாள். பயிற்சியாளர் நாயைத் திட்டவே இல்லை. "அக்கா, நீங்க மூச்சைப் பிடிச்சுக்கிறீங்க. அது கயிறு வழியா அவளுக்குத் தெரியுது. தோளைத் தளர விடுங்க" என்றார். மூன்றாவது முறை அசையாமல் உட்கார்ந்தாள். பிறகு ஆரஞ்சு டம்மியைப் புல்லுக்குள் முன்கூட்டியே ஒளித்து வைத்தார். நமக்குப் பளிச்சென்று தெரிகிற ஆரஞ்சு, நாயின் கண்ணுக்குப் புல்லோடு கலந்து போய்விடுமாம். மூக்கையும் நம் கைச்சைகையையும் நம்பித்தான் அது போக வேண்டும். ஊரே 'கம்' என்று கூப்பிட, என் 'வா'வுக்கு அவள் திரும்பி வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது சுற்று குட்டையில். கரையில் ஒரு நிமிடம் தயங்கினாள், பிறகு வாலைச் சுக்கான் மாதிரி வைத்துக்கொண்டு நேராக நீந்திப்போனாள். அதற்கு மேல் என்ன சொல்ல.

இனி முன்பதிவு. ஒரு வாரத்துக்கு 12 நாய்கள். புதன் இரவு எட்டு மணிக்குத் திறக்கிறது, மூன்றே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நான் செவிலியர், எட்டு மணி என்பது வார்டில் மருந்து கொடுக்கிற நேரம். என் பையன் போனோடு காத்திருந்தும் நான்கு வாரம் ஏமாந்தான். நான் போன அன்று அங்கிருந்த 12 நாய்களில் ஏழு, இரண்டே பேர் கூட்டி வந்தவை. இருவரும் மற்றவர்களின் நாய்களைக் கூலிக்குப் பழக்குகிறவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது அவர்கள் பிழைப்பு. ஆனால் ஒருவரே நான்கு இடம் எடுக்க விடுவது சரியா?

மினசோட்டாவில் இருக்கும் பெரியம்மா மகனிடம் சொன்னேன். அவரும் லேப்ரடார் வளர்க்கிறார். அங்கேயும் இதே கதைதான் என்றார். அமெரிக்கன் கென்னல் கிளப் என்ற நாய்ச் சங்கம் 1985-ல் தொடங்கிய, ரெட்ரீவர் (லேப்ரடார் மாதிரி சுட்ட பறவையை எடுத்து வரும் இனங்கள்) வேட்டைத் தேர்வில் ஜூனியர், சீனியர், மாஸ்டர் என்று மூன்று படி. நாயோடு நாய்க்குப் போட்டியே கிடையாது. மொத்தச் சராசரி பத்துக்கு ஏழு, எந்தத் திறமையிலும் ஐந்துக்குக் கீழே போகக்கூடாது. எட்டினால் எல்லோருக்கும் தேர்ச்சி. களத்தில் இல்லாத அந்தப் போட்டி, இடம் பிடிப்பதில் இருக்கிறது. மாஸ்டர் படிக்கு இணையத்தில் பதிவு திறந்த சில நிமிடங்களில் நிரம்பிவிடும். வண்டி நிறைய நாய்களோடு வருகிற தொழில்முறைப் பயிற்சியாளர்கள் ஒரு பக்கம், தன் ஒரே நாயைத் தானே பழக்கிக் கூட்டி வருகிறவர் இன்னொரு பக்கம்.

12 என்ற எண்ணிக்கையை ஏற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு நாய்க்குச் சுற்றுக்குப் பத்து நிமிடம், இரண்டு சுற்று, ஆக நான்கு மணி நேரம். ஆறரைக்கு ஆரம்பித்தால் பத்தரை ஆகிவிடும், அதற்கு மேல் வெயிலில் நாய் தாங்காது. அந்தக் கணக்கு சரி. ஆளுக்கு இரண்டு நாய் என்று வரம்பு வையுங்கள். நான்கு இடத்தை ஒரே நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கி, நாள் முழுக்கப் பெயர் வாங்கிக் குலுக்கல் போடுங்கள். இதைப் பண்ணையிலும் சொன்னேன். "யோசிக்கிறோம் மேடம்" என்றார்கள்.

போகிறவர்கள் இரண்டு துண்டு எடுத்துப் போங்கள். குட்டையிலிருந்து ஏறியதும் காதை நன்றாகத் துடைக்க வேண்டும். கட்டணம் நாய்க்கு 1,800 ரூபாய், எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை. வரும் புதன்கிழமையும் எனக்கு இரவு ஷிப்ட்தான். பையன் ஏழு ஐம்பதுக்கே உட்கார்ந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.