செலினியம்: என் நாலு வருஷ அனுபவம்

2022 ஏப்ரலில் ஒரு நாள் காலையில் சாளை ஆய்ந்துகொண்டிருந்தேன். செதிலைச் சுரண்டும்போது கட்டைவிரல் நகத்தின் நுனி தகடு மாதிரி உரிந்து வந்தது. கையைக் கழுவிவிட்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், நகத்தின் அடியில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. மற்ற விரல்களிலும் அதே உயரத்தில் அதே கோடு. முடி கொட்டுவது ஒரு மாதமாகவே அதிகம்தான். அதை தைராய்டு கணக்கில் எழுதிவிட்டு இருந்தேன். நகத்தைப் பார்த்ததும்தான் வயிற்றைக் கலக்கியது.

தைராய்டு பிரச்சினை இருக்கிறவர்கள் நிறையப் பேர் செலினியம் என்கிற தாதுச்சத்தை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நான் அதை மாத்திரையாகவும் எடுத்திருக்கிறேன், கொட்டையாகவும் தின்றிருக்கிறேன், இப்போது சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன். மூன்றிலும் நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு ஹாஷிமோட்டோ என்று தெரிந்தது 2020 கடைசியில். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குகிற நோய். தைராய்டு மாத்திரை 75 மைக்ரோகிராம் எழுதினார்கள். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி கழித்துக் காப்பி. மாத்திரை ஒழுங்காகப் போட்டும் அசதி போகவில்லை. அந்த நேரத்தில்தான் செலினியம் பற்றிப் படித்தேன். உடம்பில் ஒரு கிராம் திசுவுக்கு எவ்வளவு செலினியம் என்று பார்த்தால் அதிகம் இருப்பது தைராய்டு சுரப்பியில். தைராய்டு சுரக்கிற டி4 ஹார்மோனை உடம்புக்கு வேலை செய்கிற டி3 ஆக மாற்றும் நொதிகளுக்கும் செலினியம் வேண்டும். இதைப் படித்த பிறகு யாருக்குத்தான் வாங்கத் தோன்றாது? அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகனிடம் சொன்னேன். அண்ணன் இரண்டு டப்பா அனுப்பினார். ஒரு காப்ஸ்யூலில் 200 மைக்ரோகிராம், செலினோமெத்தியோனைன் என்கிற செலினிய வடிவில்.

லேபிளில் 200 என்பதற்குப் பக்கத்தில் 364 சதவீதம் என்று போட்டிருந்தது. ஒரு நாளைக்கு வேண்டியதைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் என்று அர்த்தம். அமெரிக்கக் கணக்கில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம் போதும். நம் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சொல்வது 40தான். அந்த 364ஐ நானும் பார்த்தேன். அதிகம் என்றால் நல்லது என்று அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

2021 பிப்ரவரியில் ஆரம்பித்து ஒரு வருஷம் தினமும் ஒரு காப்ஸ்யூல். உள்ளதைச் சொன்னால், உடம்பில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அசதி அப்படியே இருந்தது. 2022 ஜனவரி டெஸ்ட்டில் ஆன்டி டிபிஓ என்கிற எதிர்ப்பொருள் 640லிருந்து 410க்கு இறங்கியிருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம், அம்மாவுக்குக்கூட போன் போட்டுச் சொன்னேன். ஆனால் தைராய்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் டிஎஸ்எச் மாறவில்லை, மாத்திரை அளவும் 75லேயே நின்றது. செலினியத்தால் ஹாஷிமோட்டோ எதிர்ப்பொருள் இறங்குவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் நோயாளி உணர்கிற அளவுக்கு ஏதாவது நன்மை உண்டா என்று கேட்டால் உறுதியான பதில் இல்லை என்றுதான் பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டு 2013இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு முடித்தது. அதை நான் படித்தது ரொம்பப் பின்னால்.

எண் இறங்கிய உற்சாகத்தில் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் இன்னும் இறங்கும் என்று நினைத்தேன். செலினியம் நிறைய உள்ள கொட்டை என்று பிரேசில் நட்ஸ் வாங்கினேன். பெரிய பலாக்கொட்டை மாதிரி, மூன்று பட்டையாக, தேங்காய்ப் பருப்பின் ருசியில் இருக்கும். தினம் சாயங்காலம் மூன்று. போதாததற்கு, சோர்வுக்கு என்று மருந்துக்கடையில் ஒரு மல்டிவைட்டமினும் வாங்கி ராத்திரி போட ஆரம்பித்தேன்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மகள் பக்கத்தில் வந்து படுத்தவள், "அம்மா, பூண்டு தின்னியா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பூண்டே சேர்ப்பதில்லை. பல் தேய்த்தும் வாடை போகவில்லை. வாயில் சில நேரம் செம்புக் காசை வைத்திருந்தது போல ஒரு ருசி வேறு. அப்புறம்தான் அந்த நகம்.

டாக்டரிடம் போனபோது, எடுக்கிற எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தேன். அவர் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி லேபிளைப் படித்து, என் பழைய சீட்டின் பின்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். காப்ஸ்யூல் 200. மல்டிவைட்டமினில் 40. "கொட்டை எத்தனை?" மூன்று என்றேன். ஒரு பிரேசில் நட்டில் சராசரியாக 70லிருந்து 90 வரை இருக்கும் என்று சொல்லி 240 என்று போட்டார். "வீட்டுல மீன், முட்டை எல்லாம் உண்டுதானே?" வாரத்தில் நாலு நாள் மீன் என்றேன். அதற்கு 60 போட்டார். கோடு கிழித்துக் கூட்டினால் 540.

"ஒரு நாளைக்கு 400க்கு மேல போகக் கூடாதும்மா. நீங்க ஒண்ணொண்ணா சேத்தீங்க, கூட்டிப் பாக்கல" என்றார். திட்டவில்லை. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

ரத்தத்தில் செலினியம் பார்த்ததில் லேப் போட்டிருந்த மேல் எல்லையைத் தாண்டித்தான் இருந்தது. காப்ஸ்யூல், கொட்டை, மல்டிவைட்டமின் மூன்றையும் அன்றோடு நிறுத்தினேன். பூண்டு வாடை சில வாரங்களில் போய்விட்டது. உடம்பு அதிகப்படியான செலினியத்தை மூச்சு வழியாக வெளியேற்றும்போது வருகிற வாடை அது என்று டாக்டர் சொன்னார். முடி கொட்டுவது நிற்க நாலு மாதம் ஆனது. நகத்துக் கோடு மாதம் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மேலே ஏறி ஏறி வந்தது. ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்டும்போதெல்லாம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். கடைசிக் கோட்டை வெட்டி எறிந்தது அக்டோபரில்.

அதன்பிறகுதான் இந்தப் பொருளைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். வாங்குவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியது. செலினியத்தில் போதும் என்கிற அளவுக்கும் கெடுக்கிற அளவுக்கும் நடுவில் இருக்கிற இடம் ரொம்பக் குறுகல். சீனாவிலேயே இரண்டையும் பார்க்கலாம். வடகிழக்கில் கேஷான் பகுதி மண்ணில் செலினியம் ரொம்பக் குறைவு. அங்கே பிள்ளைகளும் பெண்களும் இதயத் தசை கெட்டு இறந்தார்கள், நோய்க்கே அந்த ஊர்ப் பெயர் வந்தது. அதே நாட்டில் ஹூபெய் மாகாணத்து என்ஷியில் மண்ணில் அளவுக்கு மேல் இருந்ததால் 1960களில் ஊர் ஊராக முடியும் நகமும் விழுந்தன. நம் பஞ்சாபிலும் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் சில கிராமங்களில் மண்ணில் செலினியம் அதிகம். அங்கே மாடுகளுக்குக் குளம்பு வெடித்திருக்கிறது. ஒரே கோதுமை, எந்த மண்ணில் விளைந்தது என்பதைப் பொறுத்து மாறுகிறது. பின்லாந்தில் மண்ணில் குறைவு என்று தெரிந்ததும் 1980களின் நடுவிலிருந்து உரத்திலேயே செலினியம் கலந்துவிட்டார்கள். நாடு முழுக்க சாப்பாட்டில் அளவு ஏறிவிட்டது.

பிரேசில் நட்ஸுக்கும் இதே கதைதான். அமேசான் காட்டில் எந்தப் பக்கத்து மரம் என்பதைப் பொறுத்து பத்து மடங்குக்கு மேல்கூட வித்தியாசம் வரும். பாக்கெட்டில் அது எழுதியிருக்காது. டாக்டர் போட்ட 240 என்பதே குத்துமதிப்புதான். கொட்டை இயற்கையானது, மாத்திரைதான் செயற்கை, அதனால் கொட்டையை எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். மாத்திரையிலாவது எண் இருக்கிறது. அந்த எண்ணும் சில சமயம் ஏமாற்றியிருக்கிறது. 2008இல் அமெரிக்காவில் தயாரிப்பில் நடந்த தவறால் ஒரு திரவச் சத்து மருந்தில் லேபிளில் போட்டதைப் போல 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டது. 201 பேருக்குப் பாதிப்பு, முடி கொட்டல், நகம் கெடுதல், வயிற்றுப்போக்கு எல்லாம்.

இன்னொன்றும் மனதை உறுத்தியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் ஐரோப்பாவுக்கான மேல் எல்லையை ஒரு நாளைக்கு 255 ஆகக் குறைத்துவிட்டது. முடி கொட்டுவதைத்தான் முதல் அறிகுறியாக வைத்து அந்த எண்ணுக்கு வந்தார்கள். அப்படியானால் கொட்டை எதுவும் தின்னாமல் நான் சும்மா 200 மைக்ரோகிராம் காப்ஸ்யூல் மட்டும் போட்ட முதல் வருஷத்தில்கூட, சாப்பாட்டில் வரும் 60ஐச் சேர்த்தால் 260. எல்லைக்கு வெளியேதான் நின்றிருக்கிறேன்.

200 என்கிற அளவு எங்கிருந்து வந்தது என்று தேடினால், 1996இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு கிடைக்கிறது. தோல் புற்றுநோய் வந்தவர்களுக்கு 200 மைக்ரோகிராம் கொடுத்ததில் தோல் புற்றுநோய் குறையவில்லை, ஆனால் புராஸ்டேட் புற்றுநோய் குறைந்த மாதிரி தெரிந்தது. அதை உறுதி செய்ய 35,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து செலெக்ட் என்று பெரிய ஆய்வு நடத்தினார்கள். பலன் இல்லை என்று 2008இல் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அந்த முதல் ஆய்வில் இருந்தவர்களைப் பின்னால் கணக்குப் பார்த்ததில், செலினியம் எடுத்தவர்களுக்கு சர்க்கரை நோய் கூடுதலாக வந்திருந்தது. எங்கள் வீட்டில் அப்பா, அத்தை இரண்டு பேருக்கும் சர்க்கரை. இதைப் படித்ததும் அலமாரியில் இருந்த மீதி டப்பாவைத் தூக்கிப் போட்டேன்.

இப்போது மூன்று வருஷமாக சாப்பாடு மட்டும்தான். நாகர்கோவிலில் இருக்கிற எனக்கு இதில் கஷ்டமே இல்லை. வாசலுக்கு வரும் மீன்காரம்மா, "மக்களே, நல்ல நெய்ச்சாளையாக்கும், வாங்கிக்கோ" என்றால் அதைவிட என்ன வேண்டும்? அமெரிக்கப் பட்டியலில் டின்னில் அடைத்த மத்திக்கு 85 கிராமில் சுமார் 45 மைக்ரோகிராம் போட்டிருக்கிறார்கள். நம் சாளையும் மத்திதான். நாலு சாளை வைத்த அன்று பெரும்பாலான தேவை அதிலேயே முடிந்துவிடும். சூரை அதைவிட அதிகம், இறாலும் நன்றாகவே உண்டு. ஒரு முட்டையில் 15, கோழிக்கறி ஒரு வேளைக்கு 20க்கு மேல். சாளை விலை குறைவு, தடைக்காலத்திலும் வள்ளக்காரர்கள் கொண்டுவருவார்கள்.

சாளையோடு மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) இல்லாமல் எங்கள் ஊரில் முடியாது. தைராய்டு உள்ளவர்கள் மரச்சீனி சாப்பிடக்கூடாது என்று மைனி பயமுறுத்திக்கொண்டே இருப்பாள். கிழங்கில் இருக்கிற ஒரு பொருள், அயோடின் குறைவாக இருந்தால் தைராய்டைத் தொந்தரவு செய்யும் என்பது உண்மை. நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்து, அயோடின் உப்புப் போட்டுச் சாப்பிடுகிறேன். இதில் செலினியத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மரச்சீனியே முக்கிய உணவாக இருந்த ஆப்பிரிக்காவின் ஜயரில், இப்போதைய காங்கோவில், அயோடினும் செலினியமும் இரண்டுமே குறைவாக இருந்த தைராய்டு நோயாளிகளுக்கு செலினியம் மட்டும் கொடுத்துப் பார்த்ததில் தைராய்டு இன்னும் மோசமானது. அதனால் அயோடின் உப்பை நிறுத்திவிட்டு செலினியம் எடுக்கிற வேலை வேண்டாம்.

அலுவலகத்தில் ஒரு அக்கா சுத்த சைவம். அவர் கேட்டபோது கோதுமை, பருப்பு, பால், காளான், சூரியகாந்தி விதை என்று சொன்னேன். அதற்கு மேலும் வேண்டும் என்றால் வாரத்தில் இரண்டு மூன்று நாள், நாளைக்கு ஒரே ஒரு பிரேசில் நட். தினம் கைநிறைய வேண்டாம். அவர் அப்படித்தான் சாப்பிடுகிறார், பாக்கெட் பிரிட்ஜில் மாதக்கணக்கில் வருகிறது.

மாத்திரை யாருக்குமே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தைராய்டு அதிகமாகச் சுரக்கிற கிரேவ்ஸ் நோயில் கண் லேசாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு, ஆறு மாதம் தினம் இரண்டு வேளை 100 மைக்ரோகிராம் செலினியம், சோடியம் செலினைட் வடிவில் கொடுத்ததில் பலன் இருந்தது என்று 2011இல் ஐரோப்பிய ஆய்வு வந்திருக்கிறது. குடலில் சத்து ஏறாதவர்களுக்கும் டாக்டர்கள் கொடுப்பார்கள். அது டாக்டர் கணக்கு வைத்து, நாள் குறித்துக் கொடுக்கிற மருந்து. நீங்களாக வாங்கினால், முதலில் வீட்டில் இருக்கிற மல்டிவைட்டமின், முடிக்கு என்று விற்கிற மாத்திரை, புரோட்டீன் பவுடர் எல்லாவற்றின் பின்பக்கத்தையும் படியுங்கள். முடி மாத்திரைகள் பலவற்றில் செலினியம் இருக்கிறது. செலினியம் அதிகமாகி முடி கொட்டுகிறவர் அதற்காக அதையே போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இரும்பு, கால்சியம் கலந்த மல்டிவைட்டமின் என்றால் தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

காப்ஸ்யூலை நிறுத்தியபின் என் எதிர்ப்பொருள் 2023இல் 430, 2024இல் 380. எதுவும் எடுக்காமலேயே இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் முதல் வருஷம் இறங்கியதும் காப்ஸ்யூலால்தான் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? அசதி குறைந்தது உண்மையில் வேறொன்றால். இரும்புச்சத்து பார்த்ததில், உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9 என்று ரொம்பக் குறைவாக இருந்தது. அதற்கு மருந்து எடுத்த மூன்றாம் மாதம் மாடிப்படி மூச்சு வாங்காமல் ஏறினேன். தைராய்டு மாத்திரை இன்னும் 75தான், அடுத்த டெஸ்ட் தை மாதம்.