கோட் எழுதாமல் தொடர்புப் படிவம்: கூகுள் ஃபார்ம்ஸா, பிளக்இன்னா, டாலியா, வாட்ஸ்அப்பா?

திருப்பூரில் என் அக்கா வீட்டுக்காரர் சின்னதாக ஒரு டி-ஷர்ட் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறார். கல்லூரி டிபார்ட்மென்ட் விழா, கோயில் திருவிழாக் குழு, மாரத்தான் என்று ஐம்பது பீஸ், நூறு பீஸ் ஆர்டர்கள். அவருக்கு வேர்ட்பிரஸ்ஸில் தளம் போட்டுக்கொடுத்தது நான்தான். கடைசிப் பக்கத்தில் ஒரு தொடர்புப் படிவமும் வைத்தேன். இரண்டரை மாதம் அதிலிருந்து ஒரு விசாரிப்பும் வரவில்லை. "சீசன் டல்லு மாப்ளே" என்றார் மாமா. நானும் நம்பிவிட்டேன்.

அப்புறம் கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் போன் செய்தார். மூன்று தடவை எழுதியும் பதில் வராததால் வேறு இடத்தில் கொடுத்துவிட்டோம் என்று சொல்வதற்காகவே கூப்பிட்டிருந்தார், நல்ல பையன். பார்த்தால், படிவம் எல்லோருக்கும் "நன்றி, உங்கள் செய்தி அனுப்பப்பட்டது" என்று பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அஞ்சல் தளத்தின் சர்வரை விட்டுக் கிளம்பியது, மாமாவின் இன்பாக்ஸுக்கு வந்து சேரவில்லை. எங்கும் பிரதியும் இல்லை. தப்பு என்னுடையது: தளம் போட்ட அன்று ஒரு தடவை சோதித்துவிட்டு மறந்துபோனேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து, கோட் தெரியாதவர் பயன்படுத்தக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். வண்ணம், எழுத்துரு எல்லாம் அப்புறம். நான் பார்த்தது மூன்று விஷயம்: வந்த செய்தி எங்கே சேமிக்கப்படுகிறது, வந்தது எனக்கு எப்படித் தெரியும், வாடிக்கையாளர் தன் டிசைன் ஃபைலை அதிலேயே அனுப்ப முடியுமா.

கூகுள் ஃபார்ம்ஸ்

முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஒவ்வொரு பதிலும் படிவத்துக்குள்ளேயே இருக்கும். ஒரு பட்டனை அழுத்தினால் கூகுள் ஷீட்டிலும் வரிசையாக விழும். நடுவில் அஞ்சல் தொலைந்தாலும் ஷீட் இருக்கும். படிவங்களுக்கோ பதில்களுக்கோ மாதக் கணக்கில் வரம்பு வைத்துக் காசு கேட்பதில்லை. எம்பெட் கோடை (படிவத்தை நம் பக்கத்துக்குள் காட்டும் சிறு துணுக்கு) நகலெடுத்து, தளத்தில் ஒட்டினால் முடிந்தது.

சிக்கல் ஒட்டிய பிறகு ஆரம்பிக்கும். அந்த எம்பெட் ஒரு போட்டோ சட்டம் மாதிரி, உயரம் நிலையானது. கேள்விகள் கொஞ்சம் கூடினாலும் பக்கத்துக்குள் இன்னொரு ஸ்க்ரோல் பார் முளைக்கும். போனில் விரலை வைத்து இழுத்தால் எது நகர்கிறது என்றே புரியாது. அடியில் 'கூகுள் ஃபார்ம்ஸில் பாஸ்வேர்டு எதையும் கொடுக்காதீர்கள்' என்று ஒரு வரி வேறு. டி-ஷர்ட் விலை கேட்க வந்தவர் அதைப் படித்து ஏன் மிரள வேண்டும்? பதில் வந்ததும் மின்னஞ்சல் அறிவிப்பு தானாக வராது. பதில்கள் பகுதியில் மூன்று புள்ளியைத் தட்டி நாமே அதை இயக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, மாசத்துக்கு ஒரு தடவை ஷீட்டைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு இதைத் தட்டிவிட்டது ஃபைல் விஷயம். கூகுள் ஃபார்ம்ஸில் ஃபைல் அனுப்பும் கேள்வி வைத்தால், நிரப்புகிறவர் தன் கூகுள் கணக்கில் உள்நுழைந்தே ஆக வேண்டும். லோகோவை அனுப்ப வந்தவரிடம் முதலில் லாகின் செய் என்றால் பாதிப் பேர் போய்விடுவார்கள். ஃபைல் தேவைப்படாத டியூஷன் சென்டர், யோகா வகுப்பு, சமையல் ஆர்டர் எடுக்கும் வீடு என்றால் தயங்காமல் இதையே எடுத்துக்கொள்ளலாம். கூகுள் சைட்ஸில் தளம் வைத்திருப்பவர்களுக்கு எம்பெட் வேலைகூட இல்லை. இன்செர்ட் மெனுவிலேயே ஃபார்ம்ஸ் இருக்கிறது.

போன் நம்பருக்குச் சரியாகப் பத்து இலக்கம் என்று கட்டுப்பாடு வைக்கும் வசதியும் உண்டு. நான் ஆர்வமாக வைத்தேன். சிங்கப்பூர் நம்பர் எட்டு இலக்கம் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

வேர்ட்பிரஸ் பிளக்இன்கள்

பிளக்இன் என்றால் வேர்ட்பிரஸ்ஸில் கூடுதலாக நிறுவிக்கொள்ளும் சின்ன மென்பொருள். தளம் ஏற்கெனவே வேர்ட்பிரஸ் என்றால் எல்லோரும் முதலில் போவது இங்கேதான். படிவம் தளத்தின் எழுத்துருவிலேயே, தளத்தின் நிறத்திலேயே உட்காரும். ஒட்டுப் போட்டது போலத் தெரியாது.

இவற்றில் மூத்தது கான்டாக்ட் ஃபார்ம் 7. ஜப்பானைச் சேர்ந்த தகாயுகி மியோஷி 2007-இல் தொடங்கியது. இன்றைக்கும் லட்சக்கணக்கான தளங்களில் ஓடுகிறது. நிறுவியதுமே பெயர், மின்னஞ்சல், பொருள், செய்தி என்று தயாராக ஒரு படிவம் இருக்கும். அதற்கான ஷார்ட்கோடை, அதாவது அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஒரு வரியை, எடுத்துப் பக்கத்தில் போட்டால் போதும். முழுக்க இலவசம். ஃபைலும் வாங்கலாம், உள்நுழையச் சொல்லாது. ஆனால் அளவு எதுவும் குறிப்பிடாமல் விட்டால் 1 எம்பிக்கு மேல் ஏற்காது. பிரிண்டுக்கு வரும் டிசைன்கள் அதைத் தாண்டிவிடும், எனவே அந்த எண்ணை மாற்றியே ஆக வேண்டும். "தேவையான இடத்தை நிரப்பவும்" போன்ற அறிவிப்புகளைத் தமிழில் நாமே எழுதிக்கொள்ளத் தனி டேப் இருப்பது எனக்குப் பிடித்த விஷயம். கோட் கிடையாது என்று சொன்னாலும், கட்டங்களைச் சதுர அடைப்புக்குறிகளுக்குள் எழுதும் அதன் பாணியைப் பார்த்ததும் மாமா, "இது கோட் இல்லாம என்ன?" என்றார். நியாயமான கேள்விதான்.

அதன் பெரிய குறை, செய்தியைத் தானாகச் சேமித்து வைக்காது. அஞ்சலாக அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும். அதே ஆசிரியரின் ஃபிளமிங்கோ என்ற இன்னொரு பிளக்இன்னையும் நிறுவினால்தான் டாஷ்போர்டில் (நாம் தளத்தை நிர்வகிக்கும் பக்கம்) பிரதி தங்கும். அதன் ஆவணங்களே இதைப் பரிந்துரைக்கின்றன. படிக்காதவன் நான்.

டபிள்யூபிஃபார்ம்ஸ் லைட் கண்ணுக்கு அழகு. கட்டங்களை இழுத்துப் போட்டால் படிவம் தயார், பத்து நிமிட வேலை. ஆனால் வந்த செய்திகளை டாஷ்போர்டில் திறந்து படிக்க வேண்டுமென்றால் கட்டணப் பதிப்புக்குப் போக வேண்டும். என் மூன்று விஷயங்களில் முதலாவதிலேயே இடிக்கிறது. ஃபோர்மினேட்டர் இந்த வகையில் தாராளம்: இழுத்துப் போடும் வசதியும் உண்டு, சேமிப்பும் இலவசம், ஃபைல் வாங்குவதும் இலவசம். மெனுக்கள் கொஞ்சம் நெரிசல், புதியவர் முதல் நாள் திணறுவார். ஃபுளுயண்ட் ஃபார்ம்ஸும் இலவசத்திலேயே பதில்களைச் சேமிக்கும். ஃபைல் வாங்க மட்டும் காசு.

எந்த பிளக்இன்னை எடுத்தாலும் அஞ்சல் பிரச்சினை பொது. வேர்ட்பிரஸ் வழக்கமாக ஹோஸ்டிங் சர்வரிலிருந்தே, அதாவது தளம் இருக்கும் கணினியிலிருந்தே, அஞ்சலை அனுப்பும். அனுப்பியது உண்மையிலேயே இந்த டொமைனா (தளத்தின் முகவரிப் பெயர்) என்பதற்கு அத்தாட்சி இருக்காது. ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து அனுப்புநர் விதிகளை இன்னும் இறுக்கின. அத்தாட்சியில்லாத அஞ்சல் ஸ்பேமுக்குப் போகும், சில சமயம் அங்கும் வராது. இதைவிடப் பழைய தப்பு ஒன்று இருக்கிறது. 'அனுப்புநர்' இடத்தில் வாடிக்கையாளரின் முகவரியைப் போடுவது. பதில் எழுத வசதி என்று நினைத்துச் செய்வோம். அவர் யாஹூ முகவரி கொடுத்திருந்தால், யாஹூ அனுப்பாத அஞ்சல் யாஹூ பெயரில் போகிறது என்றாகிவிடும். அப்படி வருவதை நிராகரிக்கச் சொல்லி 2014 ஏப்ரலிலேயே யாஹூ அறிவித்துவிட்டது. நான் செய்திருந்தது சாட்சாத் இதேதான். அனுப்புநர் நம் டொமைன் முகவரியாகவும், 'பதில் அனுப்ப' என்ற இடத்தில் வாடிக்கையாளர் முகவரியாகவும் இருக்க வேண்டும்.

சரி, மருந்து என்ன? டபிள்யூபி மெயில் எஸ்எம்டிபி மாதிரி ஒரு பிளக்இன். நம் ஜிமெயில் கணக்கு வழியாகவோ வேறு அஞ்சல் சேவை வழியாகவோ முறையாக அனுப்ப வைக்கும். ஜிமெயிலை ஆப் பாஸ்வேர்டு (ஒரு செயலிக்கென்று கூகுள் தரும் தனிப் பாஸ்வேர்டு) கொண்டு இணைப்பதென்றால், முதலில் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்க வேண்டும். அப்புறம் கிடைக்கும் 16 எழுத்துகளை இதில் ஒட்ட வேண்டும். அரை மணி நேர வேலை. ஆக "பிளக்இன் போட்டால் முடிந்தது" என்று சொல்பவர்கள், இந்த அரை மணியையும், சேமிப்புக்கு இன்னொரு பிளக்இன்னையும், மாதாமாதம் வரும் அப்டேட்களையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

டாலி, ஜாட்ஃபார்ம், டைப்ஃபார்ம், ஸோஹோ

இவை தனித் தளங்கள். படிவம் அவர்களிடம் இருக்கும், நாம் எம்பெட் செய்துகொள்வோம். அஞ்சலை அவர்களே அனுப்புவதால் நம் ஹோஸ்டிங்கின் கோளாறுகள் இங்கே குறுக்கே வராது. செய்தியும் அவர்களிடம் சேமிப்பில் இருக்கும். வேர்ட்பிரஸ், விக்ஸ், கையால் செய்த பக்கம் என்று எங்கும் ஒட்டலாம்.

வித்தியாசமெல்லாம் இலவச வரம்பில்தான். ஜாட்ஃபார்ம் இலவசத்தில் 5 படிவங்கள், மாதம் 100 பதில்கள். டைப்ஃபார்ம் ஒவ்வொரு கேள்வியாக நகர்ந்து நகர்ந்து வரும், பார்க்க ஜோர். ஆனால் இலவசத்தில் மாதம் 10 பதில்கள். பத்து! திருவிழா சீசனில் மாமாவுக்கு ஒரே நாளில் அவ்வளவு வரும். பெல்ஜியத்துச் சின்ன நிறுவனமான டாலியில் படிவத்துக்கும் பதிலுக்கும் அப்படி மாத வரம்பு இல்லை. அளவோடு பயன்படுத்துங்கள் என்று மட்டும் சொல்கிறார்கள். ஒரு ஃபைல் 10 எம்பி வரை இலவசத்திலேயே வாங்கலாம், யாரும் உள்நுழையத் தேவையில்லை. கேள்விகளுக்கேற்ப எம்பெட்டின் உயரம் தானே நீளும், அந்த இரட்டை ஸ்க்ரோல் தொல்லை போயிற்று. இதற்கு ஈடாக டாலி என்ற பெயர் மூலையில் தெரியும். எனக்கு அது உறுத்தவில்லை, மாமா கவனிக்கவே இல்லை. இந்த வரம்புகளையெல்லாம் நிறுவனங்கள் நினைத்தபோது மாற்றும், போடும் முன் விலைப் பக்கத்தை ஒரு பார்வை பாருங்கள்.

ஸோஹோ ஃபார்ம்ஸ் நம்ம ஊர்ச் சரக்கு, சென்னையில் தலைமையகம், தென்காசிப் பக்கம் கிராமத்தில் அலுவலகம். ஏற்கெனவே ஸோஹோ மெயிலோ சிஆர்எம்மோ (வாடிக்கையாளர் விவரங்களைக் குறித்துவைக்கும் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு இதுதான் இயல்பு. விசாரிப்பு நேராக சிஆர்எம்மில் போய் உட்காரும். மாமாவின் சிஆர்எம் என்பது காலண்டருக்குப் பின்னால் எழுதிய நம்பர்கள். ஆகவே தள்ளிவைத்தோம்.

வாட்ஸ்அப் பட்டன்

"எதுக்கு மாப்ளே இத்தனை? வாட்ஸ்அப்ல வரச் சொல்லு" என்றார் மாமா. முழுக்கத் தப்பென்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பின் wa.me/ என்ற குறுஞ்சுட்டிக்குப் பின்னால் 91 சேர்த்து நம்பரைப் போட்டால் (கூட்டல் குறியும் முன்னால் சுழியமும் கூடாது) தட்டியதும் அரட்டை திறக்கும். "டி-ஷர்ட் விலை வேண்டும்" என்று முதல் வரியைக்கூட நாமே எழுதி வைக்கலாம். டிசைன், போட்டோ எல்லாம் அதிலேயே வரும். மின்னஞ்சலைத் திறந்தே பார்க்காத வாடிக்கையாளர்களுக்கு இதைவிட எளிதான வழி கிடையாது. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் வரவேற்புச் செய்தி, கடை மூடிய நேரத்துச் செய்தி, லேபிள் எல்லாம் இலவசம்.

எனக்கிருந்த தயக்கம் வேறு. ராத்திரி பதினோரு மணிக்கு "ஹாய்" என்று மட்டும் ஒரு செய்தி வரும். எத்தனை பீஸ், என்ன துணி, எப்போது வேண்டும் என்று ஆறு கேள்வி கேட்டு வாங்க வேண்டும். படிவத்தில் இவை முதலிலேயே வந்துவிடும். 180 ஜிஎஸ்எம் (துணியின் கனம்) ரவுண்ட் நெக்கா, காலரா என்று தெரியாமல் யாருக்கும் விலை சொல்ல முடியாது. அப்புறம், குடும்பக் குரூப்புகளின் காலை வணக்கங்களுக்கு நடுவே ஆர்டர் புதைந்துபோகும்; தனி நம்பர் எடுக்காமல் இதில் இறங்கக் கூடாது.

பிளாகரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே தொடர்புப் படிவ கேட்ஜெட் உள்ளேயே இருக்கிறது. பெயர், மின்னஞ்சல், செய்தி, அவ்வளவுதான், கட்டம் கூட்ட முடியாது. எழுதுபவர்களுக்கு அது போதும், வியாபாரத்துக்குப் போதாது. வெறுமனே மின்னஞ்சல் இணைப்பு மட்டும் வைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மெயில் மென்பொருள் அமைக்காத கணினியில் தட்டினால் ஒன்றும் நடக்காது, முகவரியை ஸ்பேம் ரோபோக்கள் பொறுக்கிக்கொண்டும் போகும்.

ஸ்பேம் எல்லாப் படிவத்துக்கும் வரும், பிளக்இன் படிவத்துக்குக் கூடுதலாக வரும். போக்குவரத்து விளக்கைத் தேடச் சொல்லும் புதிர்களைவிட, ரோபோக்கள் மட்டும் நிரப்பி மாட்டிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத பொறிக்கட்டமோ, புதிர் போடாமலே ஆளா ரோபோவா என்று பார்க்கும் கிளவுட்ஃபிளேரின் டர்ன்ஸ்டைலோ மேல்.

கடைசியில் மாமாவின் தளத்தில் டாலி படிவம் ஒன்று, கீழேயே புது நம்பரில் வாட்ஸ்அப் பட்டன் ஒன்று. படிவத்தில் ஆறு கட்டங்கள். போன் கட்டாயம், மின்னஞ்சல் விருப்பம், ஏனென்றால் மின்னஞ்சலைத் தப்பாக அடிப்பவர்கள் போன் நம்பரைத் தப்பாக அடிப்பதில்லை. ஒவ்வொரு பதிலும் கூகுள் ஷீட்டிலும் விழுகிறது. ஒன்றாம் தேதி காலையில் நானே வாடிக்கையாளர் மாதிரி ஒரு விசாரிப்பு அனுப்புவேன். போன மாதம் அதில் 5000 பீஸ் என்று போட்டுவிட்டேன். மாமா பத்தே நிமிடத்தில் கூப்பிட்டார், குரலில் அவ்வளவு சந்தோஷம்.