ஒருமுறை கிழிந்த கழுத்தை முறிக்கக் கொடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் இப்போது கழுத்து நோ, நாரி நோ என்றால் கையால் முறித்துவிடும் இடங்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை வந்துவிட்டன. அப்படி ஒரு இடத்தில் கடந்த பெப்ரவரியில் பத்துத் தடவைக்குச் சேர்த்து 18,000 ரூபாய் முற்பணமாகக் கட்டினேன். ஒரு தடவைதான் போனேன். இரண்டாம் நாள் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். இடத்தின் பெயரைப் போடவில்லை, நடந்ததை மட்டும் எழுதுகிறேன். கழுத்து இரத்தக் குழாய் கிழிந்து ஆறியவர்களும் அவர்களுடைய வீட்டுக்காரரும் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

எனக்கு முதலாவது கிழிவு வந்து மூன்று வருடம். தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது ஒரு பகல் முழுக்க அண்ணாந்து நின்று ஒட்டடை அடித்தேன். அன்றிரவே பிடரியின் இடப்பக்கம் நோ தொடங்கிவிட்டது. அதற்குமுன் நான் அறியாத ஒரு நோ. மூன்றாம் நாள் காலை எழும்பினால் நிலம் சாய்கிறது, சத்தி வருகிறது, கதைக்க நாக்குக் குழறுகிறது. அப்போது எனக்கு 38 வயது. பக்கவாதம் என்று வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை.

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் கழுத்தில் நான்கு. முன்பக்கம் இரண்டு, பின்னால் கழுத்து எலும்புகளின் ஓட்டைகளுக்குள்ளால் ஏறுவது இரண்டு. குழாயின் உட்தோல் கிழிந்தால் இரத்தம் சுவருக்குள் புகுந்து வழியை நெரிக்கும். அந்த இடத்தில் உறையும் கட்டி உடைந்து மேலே போய் அடைத்தால் பக்கவாதம். 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு பக்கவாதம் வரும் முக்கிய காரணங்களில் இது ஒன்று. எனக்குப் பின்பக்க இடது குழாய். அஸ்பிரினோடு ஆறு மாதத்தில் ஆறிவிட்டது, நடையும் பேச்சும் திரும்பின. கழுத்தைச் சடாரென்று திருப்ப ஒருவரையும் விடவேண்டாம் என்று வைத்திய நிபுணர் சொன்னார். அதை கிளினிக் கொப்பியிலும் எழுதித் தந்தார்.

இந்தப் பெப்ரவரியில் காய்ச்சலும் விடாத இருமலும் இரண்டு கிழமை. அதோடு கழுத்து வலப்பக்கம் இறுகிவிட்டது. என் மச்சாள் தன் நாரி நோவை மாற்றிய இடம் என்று சொல்லி அங்கே கூட்டிக்கொண்டு போனா.

"தம்பி, எனக்கு முன்னம் கழுத்து ரத்தக் குழாய் கிழிஞ்சது. முறிக்க விடக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவர்" என்று அங்கே முறிப்பவரிடம் கொப்பியை நீட்டினேன். அவர் அதைத் திறக்கவே இல்லை. "அது மூண்டு வருசக் கதையெல்லோ அக்கா. ஆறின நரம்பு திருப்பிக் கிழியாது. இது வெறும் நரம்புப் பிடிப்பு" என்றார். காசு கட்டிய அட்டையிலும் அப்படியே எழுதினார்: நரம்புப் பிடிப்பு, பத்துத் தடவை.

இந்த ஒரு சொல் எங்களைப் படுத்தும் பாடு பெரிது. இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம், உணர்ச்சியைக் கடத்துவதையும் நரம்பு என்கிறோம், தசைநார் இழுத்தாலும் நரம்பு என்கிறோம். நான் இரத்தக் குழாய் என்று தெளிவாகச் சொன்னேன், அவர் காதில் அது நரம்பாகத்தான் விழுந்தது. நரம்பு பிடித்தால் இழுத்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. அந்த நேரமே நான் எழும்பி வந்திருக்க வேண்டும். மச்சாள் பக்கத்தில் இருக்கிறா, காசும் கட்டியாயிற்று என்ற கூச்சத்தில் இருந்துவிட்டேன். தாடையையும் பிடரியையும் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம்.

இரவு எட்டு மணிக்கு வலது காதுக்குப் பின்னால் புதிய நோ. காதுக்குள் என் நாடித்துடிப்பு எனக்கே கேட்டது. தொலைபேசியில் கேட்டபோது, "அது நல்லது அக்கா, இறுக்கம் விடுது. நாளைக்கு ரண்டாம் தடவைக்கு வாங்கோ" என்றார். அதை நம்பி ஒரு இரவைக் கடத்தினேன். காலையில் என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வலது கண் இமை ஏன் இறங்கிக் கிடக்குது?" என்றார். கண்ணாடியில் பார்த்தால் அந்தக் கண்ணின் கருமணியும் மற்றதைவிடச் சிறுத்திருந்தது.

பெரியாஸ்பத்திரியில் வாய் திறந்து முதல் சொன்னதே, "மூன்று வருடத்துக்கு முன் கழுத்து இரத்தக் குழாய் கிழிந்தது, இப்போது மற்றப் பக்கம் நோகிறது" என்பதுதான். அந்த ஒரு வசனத்தால் பிந்தாமல் ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். இந்தத் தடவை முன்பக்க வலது குழாய். பக்கவாதம் வரமுன் பிடிபட்டதால் இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் தந்து கண்காணிப்பில் வைத்திருந்தார்கள்.

ஆறியது திரும்பக் கிழியாது என்ற பேச்சுக்கு பதில் முப்பது வருடமாக மருத்துவ ஏடுகளில் இருக்கிறது. மாயோ கிளினிக்கில் 200 நோயாளரைப் பல வருடம் பின்தொடர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மாதத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பேருக்கும் அதன்பின் வருடத்துக்கு நூற்றுக்கு ஒருவர் அளவிலும் மறுபடி கிழிந்தது. வயது குறைந்தவர்களுக்கு அந்த ஆபத்துக் கொஞ்சம் கூட. அநேகமாகக் கிழிவது பழைய இடமல்ல, வேறு குழாய். எனக்கு நடந்ததும் அதுதான். பெரும்பாலானோருக்குத் திரும்ப வருவதே இல்லை என்பதையும் சொல்லவேண்டும், யாரும் பயந்து நித்திரை கெட வேண்டாம். ஆனால் பழைய இடம் ஆறிவிட்டது என்பதை வைத்து மற்ற மூன்று குழாய்க்கும் ஒருவரும் உத்தரவாதம் தர முடியாது.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். முறித்ததால்தான் கிழிந்ததா என்று வைத்திய நிபுணரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இருமலிலேயே கிழிவு தொடங்கியிருக்கலாம், நான் இறுக்கம் என்று நினைத்ததே கிழிவின் நோவாக இருந்திருக்கலாம். எனக்கு அதைக் கேட்டபோதுதான் கூடப் பயம் வந்தது. கிழிந்துகொண்டிருக்கும் குழாயோடு, பிடிப்பு என்று நினைத்து, முறிப்பவரிடம் போகிறோம். 2014இல் அமெரிக்க இதயச் சங்கமும் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. முறிப்புத்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை, ஆனாலும் தொடர்பு தெரிகிறது, கழுத்தைத் தொடமுன் நோயாளிக்கு அதைச் சொல்லவேண்டும் என்பது அதன் சாரம். எனக்கு எச்சரிக்கை சொல்லவேண்டியவர், நான் சொன்ன எச்சரிக்கையையே தள்ளிவிட்டார். என் கோபம் அதில்தான்.

காசு கேட்டு இவர் போனபோது, நான் கையெழுத்து வைத்த ஒரு ஆங்கிலத் துண்டைக் காட்டி, முற்பணம் திரும்பாது என்றார்கள். "அவவுக்கு முந்தியே இருந்த வருத்தம்தானே" என்றும் சொன்னார்கள். முதல் நாள் பழைய கதை என்று தள்ளிய அதே வருத்தம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு (தொலைபேசி 1977) முறையிட நினைத்தபோது, சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும் என்பது தெரிய வந்தது. அதற்குள் நான்காம் மாதம். உங்களுக்கு இப்படி நடந்தால் பற்றுச்சீட்டையும் அட்டையையும் வைத்துக்கொண்டு முதல் கிழமையே எழுதிக் கொடுங்கள்.

உடற்பயிற்சி வைத்தியம் (பிசியோதெரபி) வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலங்கை மருத்துவச் சபையில் பதிவுள்ளவரா என்று கேளுங்கள், கொப்பியைத் திறந்து வாசிக்கிறாரா என்று பாருங்கள். சலூனில் முடி வெட்டி முடிந்ததும் கேட்காமலே கழுத்தை நெட்டி முறிப்பார்கள், ஆண்கள் அமரமுன்னமே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெண்கள் பியூட்டி பார்லரில் தலை கழுவும்போது தொட்டியில் கழுத்தைப் பின்னால் தொங்கவிடாதீர்கள். அப்படிக் கழுவியபின் பக்கவாதம் வந்தவர்களைப் பற்றி 1990களிலேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு பக்கமாகப் புதிய கழுத்து நோ அல்லது தலையிடி, இமை இறங்குதல், காதில் துடிப்பு, பார்வை இரண்டாகத் தெரிதல், தள்ளாட்டம் என்று எது வந்தாலும் விடியும்வரை பார்த்திருக்கவேண்டாம். 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் மருந்து, அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டியது.

என் கைப்பையில் இப்போது ஒரு துண்டு இருக்கிறது. இரண்டு கிழிவின் திகதி, எந்தக் குழாய், குடிக்கும் குளிசை, இவருடைய தொலைபேசி இலக்கம். அதன் மேல்வரியில் நரம்பு என்ற சொல்லைத் தவிர்த்து 'கழுத்து இரத்தக் குழாய்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அந்தப் பத்துத் தடவை அட்டையையும் எறியாமல் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது அப்படி ஒரு அட்டைக்குக் காசு கட்டப் போகிறார்கள் என்றால் எனக்கு எழுதுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன்.