வான்கூவர் வழி அடைபட்டது, சென்னைக்குப் போனேன்

சியாட்டில் பக்கம் வேலை செய்யும் நம்மவர்களுக்கு முன்பெல்லாம் எச்-1பி வேலை விசாவைப் பாஸ்போர்ட்டில் புதிதாக ஒட்டிக்கொள்ளும் ஸ்டாம்பிங் என்றால் வான்கூவர்தான். கனடா விசா மட்டும் கையில் இருக்க வேண்டும். காலையில் காரை எடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலை முடித்து, பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை அங்கேயே தங்கிவிட்டுத் திரும்பலாம். போன முறை நான் அப்படித்தான் செய்தேன். டெக்சாஸ், கலிபோர்னியாவில் இருப்பவர்கள் இதற்காக மெக்சிகோ எல்லை நகரங்களுக்குப் போய்வந்தார்கள்.

2025 செப்டம்பர் 6ஆம் தேதி அந்த வழி அடைபட்டது. குடியேற்றம் அல்லாத விசா கேட்பவர்கள் சொந்த நாட்டிலோ சட்டப்படி வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்துவிட்டது. அதற்கு நான்கு நாள் முன்னால், செப்டம்பர் 2 முதல், எச்-1பிக்கு நேர்காணல் இல்லாமல் ஆவணங்களை மட்டும் கொடுக்கும் டிராப்பாக்ஸ் வசதியும் போய்விட்டது. புதுப்பிப்பவர்களும் இனி நேரில் போய் நின்றாக வேண்டும். ஆக, நமக்கு இந்தியா ஒன்றுதான் வழி.

புதிதாக வந்தவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனுவுக்கு ஒப்புதல் என்று சொல்லும் ஐ-797 தாள் வந்துவிட்டால் அமெரிக்காவுக்குள் இருக்கவும் வேலை செய்யவும் தடையில்லை. பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா உள்ளே வருவதற்கான அனுமதி மட்டும்தான். அது காலாவதியாகிவிட்டால் வெளியே போகும்வரை எந்தப் பிரச்சினையும் இல்லை, போய்விட்டால் திரும்பி வரப் புது ஸ்டாம்ப் வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நிற்கும் இந்தியர்களுக்கு இது முடிவே இல்லாத வேலை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரிலிருந்து போன் வந்தால், டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன் விசா தேதியைப் பார்க்கிற நிலைமை.

தீபாவளிக்கு மன்னார்குடி போவது முன்பே முடிவானது. ஸ்டாம்பிங்கையும் அதோடு சேர்த்துக்கொண்டேன். இதற்கிடையில் செப்டம்பர் 19ஆம் தேதி எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்து எல்லார் வயிற்றையும் கலக்கியது. அது செப்டம்பர் 21 முதல் தாக்கலாகும் புது மனுக்களுக்குத்தான், ஏற்கெனவே ஒப்புதல் பெற்றவர்களுக்கு இல்லை என்று விளக்கம் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. அக்டோபர் 1 முதல் அமெரிக்க அரசாங்கமே முடங்கிக் கிடந்தபோதும் விசா வேலை நடந்துகொண்டிருந்தது. விண்ணப்பதாரர்கள் கட்டும் கட்டணத்தில்தான் அந்தப் பிரிவு ஓடுகிறது. எச்-1பிக்கு அது அப்போது 205 டாலர்.

சென்னையில் ஸ்லாட், அதாவது நேர்காணலுக்கான தேதி, கிடைப்பதுதான் பெரும்பாடு. யாராவது ரத்து செய்தால்தான் ஒரு தேதி தலைகாட்டும், நாம் கிளிக் செய்வதற்குள் மறைந்துவிடும். முன்பதிவுத் தளத்துக்குள் அடிக்கடி போய்ப் பார்த்தால் நம் கணக்கே முடங்கிவிடும் என்பதால் பார்த்துப் பார்த்துத்தான் நுழைய வேண்டும். பணம் கொடுத்தால் ஸ்லாட் பிடித்துத் தருகிறோம் என்று ஆட்கள் கேட்கிறார்கள். நம் பாஸ்வேர்டை அவர்கள் கையில் கொடுத்தால்தான் அது நடக்கும். தயவுசெய்து கொடுக்காதீர்கள். அந்தக் கணக்கில் நம் பாஸ்போர்ட் எண்ணிலிருந்து எல்லாமே இருக்கிறது.

நேர்காணலுக்கு முந்தின நாள் கைரேகை மையம். பத்து விரல், ஒரு போட்டோ, டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தின் உறுதிப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். எனக்கு முன்னால் நின்ற பெண் தீபாவளிக்கு விரல் நுனி வரை மருதாணி வைத்திருந்தாள். இயந்திரம் ரேகையை எடுக்க மறுத்தது. அங்கிருந்த அம்மா கோபப்படாமல் ஈரத் துணியைக் கொடுத்து, ஒவ்வொரு விரலாக அழுத்திப் பிடித்து, மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்து முடித்துக்கொடுத்தார். "பயப்படாதம்மா, வந்துடும்" என்று அவர் சொன்ன விதத்தில் எனக்கே தைரியம் வந்தது.

மறுநாள் ஜெமினி மேம்பாலம் அருகே தூதரகம். இரவெல்லாம் மழை பெய்து நடைபாதை நசநசவென்று இருந்தது. மதிலை ஒட்டி வரிசை. போன், மடிக்கணினி, பெரிய பை எதுவும் உள்ளே போகாது. கூட வந்த தம்பி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். ஆவணங்களை மழையில் நனையாத பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று, பக்கத்தில் ஒருவர் கையில் சம்பளச் சீட்டுகள் ஊறிப்போயிருந்தன. காவலர்கள் நேரம் பார்த்துப் பார்த்து அழைத்தார்கள், யாரையும் விரட்டவில்லை. வயதானவர்களை முன்னால் உட்கார வைத்தார்கள்.

ஜன்னலில் இருந்த அதிகாரி "வணக்கம்" என்றார். பாஸ்போர்ட்டையும் ஐ-797ஐயும் கேட்டார். எந்த நிறுவனம், என்ன வேலை, சம்பளம் எவ்வளவு, எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள். நான்கு விரல்களை மறுபடி வைக்கச் சொன்னார். விசாவுக்கு ஒப்புதல் என்று சொல்லிப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார். தூக்கிக்கொண்டு போன ஆவணங்களில் பாதியை அவர் தொடவே இல்லை. அதற்காகக் கொண்டுபோகாமல் இருக்காதீர்கள், பக்கத்து ஜன்னலில் ஒருவரிடம் கிளையன்ட் நிறுவனத்தின் கடிதம் வரை கேட்டார்கள்.

பாஸ்போர்ட் அங்கே, நான் மன்னார்குடி போகும் மன்னை எக்ஸ்பிரஸில். ரயிலில் அடையாள அட்டை கேட்டபோதுதான் இது உறைத்தது: அமெரிக்க ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லாது. பான் கார்டு என் பர்ஸில் இருந்தது. ஆதாரோ பானோ கட்டாயம் எடுத்துப் போங்கள்.

ஊரில் இருந்த நாட்களில் நிம்மதி இல்லை. அம்மா அதிரசம் தட்டிக்கொண்டிருக்கிறார், நான் போனில் விசா நிலையைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தளத்தில், விண்ணப்பம் கூடுதல் பரிசீலனைக்குப் போனாலும் "மறுக்கப்பட்டது" என்றுதான் காட்டும். கூடுதல் ஆவணம் கேட்கும் 221(ஜி) சீட்டு வாங்கியவர்கள் அதைப் பார்த்து உடைந்துபோக வேண்டாம், கேட்ட ஆவணத்தைக் கொடுத்த பிறகு அது மாறுவதுண்டு. எனக்கு ஒரே வாரத்தில் பாஸ்போர்ட் வந்துவிட்டது. நான் அதிர்ஷ்டசாலி என்று டிசம்பரில்தான் புரிந்தது.

டிசம்பர் 15 முதல் எச்-1பி, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கத் தொடங்கினார்கள். கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொன்னார்கள். ஒரு நாளைக்குப் பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கை குறைந்தது, இந்தியாவில் ஏராளமான நேர்காணல்கள் 2026 மார்ச்சுக்கும் அதற்கப்பாலும் தள்ளிப்போயின. அதற்குள் பலர் விமானமேறி இந்தியாவுக்கு வந்துவிட்டார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் தங்கை கல்யாணத்துக்குப் போனவர் அப்படியே மாட்டிக்கொண்டார். மனைவியும் பள்ளிக்குப் போகும் மகளும் அமெரிக்காவில், இவர் இந்தியாவில். வீட்டு வாடகை, கார் கடன் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்தியாவிலிருந்து வேலை பார்க்க எல்லா நிறுவனமும் ஒப்புக்கொள்வதில்லை.

சென்னையில் பார்த்த ஊழியர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் வருத்தமெல்லாம் இந்த ஏற்பாட்டின்மேல்தான். 2004 வரை விசாவை அமெரிக்காவுக்குள்ளேயே புதுப்பிக்க முடிந்தது, கைரேகை கட்டாயமானதும் நிறுத்தினார்கள். 2024 ஜனவரி 29 முதல் ஏப்ரல் 1 வரை 20,000 பேர் வரை என்று வரம்பு வைத்து, இந்தியாவிலும் கனடாவிலும் முன்பு விசா வாங்கிய சிலருக்கு மட்டும் அதை மறுபடி முயன்று பார்த்தார்கள். நம் கைரேகை ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. அதையே எல்லாருக்கும் திறந்துவிட்டால், ஊருக்குப் போகிறவன் அப்பா அம்மாவைப் பார்க்க மட்டும் போகலாம்.

இப்போதைக்குப் போயே ஆக வேண்டியவர்களுக்குச் சில விஷயங்கள். கிளம்பும் முன் நிறுவன வழக்கறிஞரிடம் பேசுங்கள், நாள் கூடிப்போனால் ஊரிலிருந்து வேலை செய்யலாமா என்று எழுத்தில் வாங்குங்கள். தேதி மாற்றக்கூடிய டிக்கெட் எடுங்கள். கனடாவுக்குச் சும்மா சுற்றிப்பார்க்கப் போனால் விசா காலாவதியாகியிருந்தாலும், எதுவரை தங்கலாம் என்று சொல்லும் ஐ-94 பதிவு செல்லுபடியாக இருந்தால் 30 நாளுக்குள் திரும்பலாம், ஆனால் அங்கே விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். அப்புறம், திரும்பி வந்து இறங்கிய அன்றே ஐ-94ஐ இணையத்தில் எடுத்துப் பாருங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால் ஐ-797இல் உள்ள தேதிக்குப் பதிலாகப் பாஸ்போர்ட் முடியும் தேதியைப் போட்டுவிடுவார்கள், நாம் தங்கக்கூடியது அதுவரைதான்.